சுமையைத் தாங்குவது டயரா, காற்றா?

மணல்வெளி, காட்டுப்பாதை, மலைச்சரிவு ஆகியவற்றில் ஓடுவதற்கென்றே அமைந்த நான்கு சக்கர இழுவை ஊர்திகளை இப்போது நகரச் சாலைகளிலும் நிறையக் காண்கிறோம். இவற்றை வாங்குவோரில் பலர் முதலில் செய்யும் மாற்றம், தொழிற்சாலையிலிருந்து வந்த டயரையும் டிஸ்க்கையும் கழற்றிவிட்டு, அவற்றைவிடப் பெரியனவற்றைப் பூட்டுவதுதான். பெரிய டயர் அதிகச் சுமை தாங்கும், வெளியே தள்ளி நிற்கும் சக்கரம் உறுதி தரும் என்பது பொதுவான எண்ணம். இந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரியானது? இயற்பியல் துணைகொண்டு ஆராய்வோம்.

முதலில் இரண்டு டயர்களை அருகருகே நிறுத்திப் பார்ப்போம். ஒன்று 33 அங்குல உயரமும் பன்னிரண்டரை அங்குல அகலமும் உடையது. 15 அங்குல டிஸ்க்கில் பொருந்துவது. மற்றொன்று ஏறத்தாழ 32 அங்குல உயரமும் 235 மில்லிமீட்டர், அதாவது ஒன்பதேகால் அங்குல அகலமும் உடையது. 16 அங்குல டிஸ்க்கில் பொருந்துவது. இவற்றுள் எது அதிகச் சுமை தாங்கும்? பருமனான முதல் டயர்தான் என்று நீங்கள் சொல்லக்கூடும். ஆனால் அவ்வளவு உள்ள டயர்களில் பரவலாகக் காணப்படும் தாங்குதிறன் 1000 கிலோகிராம். பத்து பிளை வலிமையுள்ள ஒல்லியான டயரின் தாங்குதிறனோ 1400 கிலோகிராம்!

இந்த வியப்புக்குக் காரணம் ரப்பரில் இல்லை. முதல் டயர் அந்தச் சுமையைத் தாங்குவது சதுர அங்குலத்திற்கு 35 பவுண்டு காற்றழுத்தத்தில். இரண்டாவது டயரில் 80 பவுண்டு அடைக்கலாம். டயர் என்பது ஒரு பைதான். சுமையைத் தாங்குவது அதனுள் அடைபட்ட காற்று. பையின் வேலை, காற்றைக் கிழியாமல் பிடித்து வைத்திருப்பது.

காற்று எவ்வாறு தாங்குகிறது?

காற்றடைத்த டயருக்கு 1845ஆம் ஆண்டிலேயே இராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். ஆனால் அது வழக்கத்திற்கு வரவில்லை. 1888இல் ஜான் பாய்டு டன்லப் சைக்கிளுக்காக அதை மீண்டும் கண்டுபிடித்த பிறகே உலகம் காற்றின் மேல் ஓடத் தொடங்கியது.

காற்று சுமையைத் தாங்குகிறது என்றால், சக்கரத்தின் அடிப்பக்கத்திலுள்ள காற்று டிஸ்க்கை மேல்நோக்கித் தள்ளுகிறது என்று பொருளா? இல்லை. அடைபட்ட காற்றின் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமம் என்பது பாஸ்கல் விதி. டிஸ்க்கைக் கீழிருந்து எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவே மேலிருந்தும் தள்ளுகிறது. ஆகவே டிஸ்க்கின் மீது காற்று நேரடியாகச் செலுத்தும் மொத்த விசை சுழி.

பின் எது தாங்குகிறது? டயரின் பக்கச்சுவருக்குள் ஆயிரக்கணக்கான நூல்கள் உள்ளன. காற்று நிரம்பியதும் இந்நூல்கள் எல்லாப் பக்கமும் விறைப்பாக இழுபட்டு, டிஸ்க்கைச் சுற்றிலும் வெளிநோக்கி இழுக்கின்றன. சுமை ஏறியவுடன் தரையைத் தொடும் இடத்தில் பக்கச்சுவர் புடைக்கிறது. அங்குள்ள நூல்கள் டிஸ்க்கைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை குறைகிறது. மேற்பக்க நூல்களோ முன்போலவே மேல்நோக்கி இழுக்கின்றன. இந்த வேறுபாடே ஊர்தியைத் தாங்குகிறது. உண்மையில் டிஸ்க் கீழே ஊன்றி நிற்கவில்லை, மேலேயிருந்து தொங்குகிறது! சைக்கிள் சக்கரத்தின் போக்குக் கம்பிகள் பாரத்தைத் தாங்குவதும் இவ்வாறே.

கயிற்றுக் கட்டிலை எண்ணிப் பாருங்கள். கயிறு எவ்வளவு நல்லதாயினும் தொய்வாகப் பின்னியிருந்தால் படுத்தவர் தரையைத் தொடுவார். இழுத்துக் கட்டியிருந்தால்தான் கட்டில் கட்டிலாக இருக்கும். டயரில் இழுத்துக் கட்டும் வேலையைச் செய்வது காற்று.

பக்கச்சுவரில் உள்ள கணக்கு

உங்கள் ஊர்தியின் டயரில் 265/70 ஆர் 16, அதையடுத்து 112 எஸ் என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். டயரின் அகலம் 265 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 விழுக்காடு. ஆர் என்பது ரேடியல் வகை. 16 என்பது டிஸ்க்கின் விட்டம், அங்குலத்தில். எஸ் என்பது மணிக்கு 180 கிலோமீட்டர் என்ற உச்ச வேகத்தைக் குறிக்கும். கியூ என்றிருந்தால் 160.

நமக்கு இங்கே முதன்மையானது 112 என்ற எண். இதுவே சுமைக்குறியீடு. இது கிலோகிராம் அன்று. 90 என்றால் 600 கிலோகிராம். 100 என்றால் 800. 110 என்றால் 1060. 112 என்றால் 1120. 120 என்றால் 1400. கூர்ந்து நோக்கினால் ஓர் ஒழுங்கு தெரியும். குறியீடு 10 கூடும்போதெல்லாம் சுமை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. இது பெருக்குத் தொடர். குறியீடு 80 கூடினால் சுமை பத்து மடங்காகும்: 0 என்பது 45 கிலோகிராம், 80 என்பது 450, 160 என்பது 4500. எனவே 112க்குப் பதில் 102 உள்ள டயரை வாங்கினால், எண்ணில் சிறு குறைவாகத் தோன்றினாலும் சுமையில் 1120 என்பது 850 ஆகிவிடுகிறது. சக்கரம் ஒன்றுக்கு 270 கிலோகிராம் இழப்பு!

பிளை என்ற சொல்லிலும் ஒரு மயக்கம் உண்டு. பருத்தி நூலால் டயர் செய்த காலத்தில் பத்து பிளை என்றால் பத்து அடுக்குகள் இருந்தன. நைலான், பாலியெஸ்டர், எஃகு ஆகியவை வந்தபின் அடுக்குகள் குறைந்துவிட்டன. இன்று பத்து பிளை என்பது பழைய பத்து அடுக்குக்குச் சமமான வலிமை என்று மட்டுமே பொருள்படும். வலிமை மிகுந்தால் அதிக அழுத்தம் அடைக்கலாம். அதிக அழுத்தம் இருந்தால் அதிகச் சுமை ஏற்றலாம்.

ஒன்றை மறவாதீர்கள். சுமைக்குறியீடு காட்டும் எடை, அதற்கென வகுத்த அழுத்தத்தில் மட்டுமே உண்மை. காற்று குறைந்த டயரில் அந்த எண் வெறும் எழுத்து.

மணலில் ஏன் காற்றை இறக்குகிறார்கள்?

அப்படியானால் பாலைவனத்தில் ஊர்தி ஓட்டுவோர் வேண்டுமென்றே டயரில் காற்றைக் குறைப்பது ஏன்? இதற்கும் எளிய கணக்கு உண்டு. ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோகிராம் சுமை என்க. டயரில் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோகிராம் அழுத்தம் இருந்தால், தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 250 சதுர சென்டிமீட்டர். அழுத்தத்தை 1 கிலோகிராமாகக் குறைத்தால் பரப்பு 500 சதுர சென்டிமீட்டர் ஆகும். பக்கச்சுவரின் விறைப்பால் இக்கணக்கு சற்று மாறினாலும் போக்கு இதுவே. அதே எடை இருமடங்கு பரப்பில் பரவுவதால் மணல் அமிழ்வதில்லை. ஒட்டகத்தின் அகன்ற பாதம் செய்யும் வேலை இது.

1920களின் பிற்பகுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் லிபியப் பாலைவனத்தை ஃபோர்டு கார்களில் கடந்து ஆராய்ந்த பிரிட்டிஷ் இராணுவப் பொறியாளர் ரால்ஃப் பேக்னால்டு இம்முறையைக் கையாண்டார். மணலின் இயக்கத்தைப் பற்றி அவர் 1941இல் வெளியிட்ட நூல் இன்றும் இயற்பியலாளர்களால் போற்றப்படுகிறது. இரண்டாம் உலகப்போரில் நீரிலும் நிலத்திலும் சென்ற அமெரிக்க டக் ஊர்திகளில், ஓட்டுநர் தம் இருக்கையில் இருந்தபடியே டயரின் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வசதி இருந்தது. கடற்கரை மணலில் ஏறும்போது குறைப்பார்கள். கெட்டிச் சாலைக்கு வந்ததும் கூட்டுவார்கள். இந்த இரண்டாவது செயல்தான் உயிர்காப்பது. அது ஏன் என்று இனிக் காண்போம்.

வளைவும் வெப்பமும்

ஒரு கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் அது சூடேறுவதை நீங்கள் அறிவீர்கள். தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும் டயர் வளைகிறது, பின் நிமிர்கிறது. வளைக்கச் செலவிட்ட ஆற்றல் முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை. ஒரு பங்கு வெப்பமாகிறது. காந்தவியலில் படித்த தயக்கம் என்ற பண்பே ரப்பரிலும் இவ்வாறு வெளிப்படுகிறது.

மேற்சொன்ன 265/70 ஆர் 16 டயரின் விட்டம் ஏறத்தாழ 777 மில்லிமீட்டர், சுற்றளவு 2.44 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 9 முறை சுழல்கிறது. ஒரு மணி நேரத்தில் டயரின் ஒவ்வொரு பகுதியும் ஏறத்தாழ 33,000 முறை வளைந்து நிமிர்கிறது! காற்று குறைவாக இருந்தால் ஒவ்வொரு வளைவும் ஆழமாகிறது, வெப்பமும் மிகுகிறது. ரப்பர் அரிதிற் கடத்தியாதலால் உள்ளே பிறந்த வெப்பம் எளிதில் வெளியேறாது. நூலுக்கும் ரப்பருக்கும் இடையேயுள்ள பிணைப்பு தளர்ந்து, இறுதியில் டயர் உரிந்துவிடுகிறது.

மணலில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு இரண்டு சுழற்சிகளுக்குச் சற்றே மேல். அங்கே குறைந்த அழுத்தம் கேடு செய்வதில்லை. அதே அழுத்தத்தோடு நெடுஞ்சாலையில் விரைந்தால் கேடு உறுதி.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்த ஏறத்தாழ 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. அவற்றுள் பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்புளோரர் ஊர்திகளில் பூட்டப்பட்டவை. விரைந்து செல்லும்போது பட்டன் பகுதி எஃகுப் பட்டையோடு பிரிந்து, ஊர்திகள் கவிழ்ந்தன. இவற்றோடு தொடர்புடையதாக அந்நாட்டின் சாலைப் பாதுகாப்புத் துறைக்கு வந்த உயிரிழப்புகள் 271. டயரின் அமைப்பில் குறை இருந்ததென்று 2001இல் அத்துறை முடிவு செய்தது. ஆனால் விபத்துகள் வெயில் கடுமையான தென் மாநிலங்களிலேயே மிகுதியாக நேர்ந்தன என்பதைக் கவனியுங்கள். ஊர்தி நிறுவனம் பரிந்துரைத்திருந்த அழுத்தம் 26 பவுண்டு. டயர் நிறுவனம் பின்னர் கூறியதோ 30 பவுண்டு. அந்த நான்கு பவுண்டுகளைப் பற்றி இரு நிறுவனங்களும் நெடுநாள் வழக்காடின. இந்நிகழ்ச்சிக்குப் பின் வந்த சட்டத்தின் விளைவாகவே, காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவி அமெரிக்காவின் புதிய கார்களில் கட்டாயமாயிற்று.

காற்றை அளப்பதிலும் ஒரு விதி உண்டு. 30 டிகிரி செல்சியஸில் 35 பவுண்டு இருந்த டயர், ஓடி 60 டிகிரிக்குச் சூடானால் ஏறத்தாழ 40 பவுண்டு காட்டும். பருமன் மாறாதபோது அழுத்தம் தனிவெப்பநிலைக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்ற விதியின் விளைவு இது. கூடிவிட்டதே என்று அப்போது காற்றைப் பிடுங்கிவிட்டால், ஆறிய பின் 30 பவுண்டுதான் எஞ்சும். ஆகவே ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கையில் அளப்பதே முறை.

எடை நான்காகப் பங்கிடப்படுவதில்லை

2400 கிலோகிராம் எடையுள்ள ஊர்திக்குச் சக்கரம் ஒன்றுக்கு 600 என்று கணக்கிடுவது சமதரைக்கு மட்டுமே ஏற்கும். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 2.7 மீட்டர் தொலைவும், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 0.75 மீட்டர் உயரத்திலும் உள்ள ஊர்தி 30 டிகிரி சரிவில் ஏறுவதாகக் கொள்வோம். சமதரையில் அச்சு ஒன்றுக்கு 1200 கிலோகிராம் இருந்தது. இப்போது முன்னச்சில் ஏறத்தாழ 706, பின்னச்சில் 1372. பின்புறம் முன்புறத்தைப்போல் ஏறக்குறைய இருமடங்கு! கூரைமேல் சாமான் கட்டினால் ஈர்ப்பு மையம் உயர்ந்து இவ்வேறுபாடு இன்னும் பெருகும். பள்ளத்தில் ஒரு சக்கரம் தொங்கினால் அதன் பங்கை மற்றவை ஏற்கவேண்டும்.

பாறையில் மோதும் அதிர்ச்சிக்கென்று டயர் செய்வோர் சிறிது வலிமையை மிச்சம் வைக்கின்றனர். அந்த மிச்சத்தைச் சாமான் ஏற்றியே தீர்த்துவிட்டால் பாறைக்கு எதுவும் எஞ்சாது.

டிஸ்க் பொருந்துதல்

டயருக்குச் சொன்ன எல்லாம் டிஸ்க்கிற்கும் பொருந்தும். டிஸ்க்கிற்கும் தனியே ஒரு தாங்குதிறன் உண்டு. 1120 கிலோகிராம் டயரை 700 கிலோகிராம் டிஸ்க்கில் பூட்டினால் உங்களுக்குக் கிடைப்பது 700தான்.

அடுத்து, போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம். பழைய சிஜே வகை ஜீப்புகளில் ஐந்து போல்ட்டுகள் 139.7 மில்லிமீட்டர் வட்டத்தில் இருந்தன. பின்வந்த ராங்ளர் ஜீப்புகளில் இது 114.3 ஆயிற்று, 2007 முதல் 127. பெயர் ஒன்றே, பொருத்தம் வேறு. 127ஐ 114.3இல் மாட்ட இயலாது என்பதால் தவறு உடனே தெரிந்துவிடும். ஆபத்தானவை நெருங்கிய அளவுகளே. 115 மில்லிமீட்டர் வட்டமுள்ள டிஸ்க்கை 114.3இல் வலிந்து மாட்டிவிடலாம். ஆனால் நட்டுகள் சரியாக அமராமல், ஸ்டட்டுகள் ஓயாது வளைந்து நாளடைவில் முறியும்.

ஊர்தியின் எடை அந்த ஐந்து ஸ்டட்டுகளின் மேல், ஆணியில் மாட்டிய சட்டைபோல் தொங்குகிறது என்று எண்ணுகிறீர்களா? அவ்வாறில்லை. 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் நட்டை 100 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கினால், ஸ்டட்டில் ஏறத்தாழ 40,000 நியூட்டன் இழுவிசை உண்டாகிறது. இது 4 டன் எடைக்குச் சமம். ஐந்து ஸ்டட்டுகளும் சேர்ந்து டிஸ்க்கை ஹப்போடு 20 டன் விசையால் அழுத்துகின்றன. உராய்வு எண் 0.15 என்று கொண்டாலும் 3 டன் வரை டிஸ்க் வழுக்காது. ஆகச் சக்கரத்தைப் பிடித்திருப்பது உராய்வே. டயரில் நூல்களைக் காற்று முன்கூட்டியே இழுத்து வைப்பதுபோல், இங்கே ஸ்டட்டை நட்டு இழுத்து வைக்கிறது. இழுப்பு தளர்ந்தால் இரண்டும் தோற்கும்.

இதனால்தான் ஹப்பின் முகத்தில் துருவோ தடித்த பெயிண்ட்டோ இருக்கக் கூடாது என்கிறார்கள். அது நசுங்கியதும் இறுக்கம் போய்விடும். கூம்பு வடிவ இருக்கைக்குக் கூம்பு நட்டையும், தட்டை இருக்கைக்குத் தட்டை நட்டையும் பயன்படுத்தவேண்டும். நட்டுகளை வரிசையாக அன்றி, எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்கவேண்டும். புதிய டிஸ்க் பூட்டியபின் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் மீண்டும் ஒருமுறை இறுக்கம் பார்க்கவேண்டும்.

இறுதியாக ஆஃப்செட். டிஸ்க்கின் நடுக்கோட்டிற்கும் அது ஹப்பில் படியும் முகத்திற்கும் உள்ள தொலைவே இது. சக்கரம் வெளியே துருத்திக்கொண்டு நிற்க வேண்டுமென்று இத்தொலைவை மாற்றுகிறார்கள். அல்லது இடையே தகடு வைக்கிறார்கள். 600 கிலோகிராம் சுமையை 30 மில்லிமீட்டர் வெளியே நகர்த்தினால், பேரிங்கின் மீது கூடுதலாக ஏறத்தாழ 176 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் செயற்படுகிறது. வீல் நட்டை முறுக்கப் போதியதற்கும் மேலான இவ்விசை, ஊர்தி நிற்கும்போதே இரவும் பகலும் பேரிங்கை நெம்பிக்கொண்டிருக்கும். பள்ளத்தில் விழும்போது இது பன்மடங்காகும். ஸ்டியரிங்கும் ஒருபக்கமாக இழுக்கும்.

டயரின் உயரத்தைக் கூட்டுவதற்கும் விலை உண்டு. 235/75 ஆர் 15 டயருக்குப் பதில் 265/70 ஆர் 16 பூட்டினால் விட்டம் 6 விழுக்காடு கூடும். மீட்டர் 80 என்று காட்டும்போது நீங்கள் ஏறத்தாழ 85 கிலோமீட்டர் வேகத்தில் செல்வீர்கள். எஞ்சினின் இழுப்பு தரையில் அதே அளவு குறையும்; பிரேக்கின் பிடிப்பும் அவ்வாறே.

வாங்குமுன் செய்யவேண்டியவை

ஓட்டுநர் பக்கக் கதவுத்தூணில் ஒட்டியுள்ள தகட்டைப் படியுங்கள். அங்கே டயரின் அளவும் அழுத்தமும் இருக்கும். ஆட்களோடும் சாமானோடும் ஊர்தியை எடைமேடையில் அச்சு அச்சாக நிறுத்தி எடை பாருங்கள். மிகுந்த எடையுள்ள அச்சில் பாதியை எடுத்து, அதனினும் தாராளமாகக் கூடிய சுமைக்குறியீடுள்ள டயரைத் தேர்ந்தெடுங்கள். பழைய டயரின் குறியீட்டிற்குக் கீழே ஒருபோதும் இறங்காதீர்கள். டிஸ்க்கின் தாங்குதிறன், போல்ட் வட்டம், நடுத்துளை, ஆஃப்செட் ஆகிய நான்கையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மணலில் காற்றை இறக்கப் போகிறீர்களா? மீண்டும் நிரப்பும் பம்ப் கையில் இருந்தால் மட்டும் இறக்குங்கள்.

டயர்க் கடையில் உயரத்தையும் அகலத்தையும் பளபளப்பையும் காட்டுவார்கள். சுமை, அழுத்தம், வேகம் ஆகிய மூன்றின் எண்களை நீங்கள்தான் கேட்டுப் பெறவேண்டும். மூன்றும் சேர்ந்தே ஓர் உடன்படிக்கை. ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டையும் மாற்றியாக வேண்டும். அதை மறந்தவருக்கு நெடுஞ்சாலையின் நடுப்பகல் வெயில் நினைவூட்டும். ஆனால் அப்போது திருத்திக்கொள்ள நேரம் இருக்காது.